வீட்டு வீடியோவுக்கு மென்பொருள் தேடுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலியாணவீடு, சாமத்தியவீடு, கோணேசர் கோயில் திருவிழா, நிலாவெளிக் கடலில் பிள்ளைகள் குளித்தது என்று வீட்டுக்கு வீடு போன்களில் வீடியோ நிறைந்து கிடக்கிறது. வெளிநாட்டுச் சொந்தக்காரர் விடுமுறைக்கு வந்து போனால் அந்தக் குவியல் இன்னும் பெருக்கும். இவற்றைத் தொகுத்து ஒரு படமாக்க எந்த மென்பொருள் நல்லது என்று திருகோணமலையில் கேட்டால் வழமையாகக் கிடைக்கும் பதில், "பிரீமியர் புரோ போட்டுத் தாறன்" என்பதுதான். போட்டுத் தருவது காசு கட்டிய பிரதி அல்ல, பூட்டு உடைத்த பிரதி. அந்தப் பதிலை வாசகர்கள் ஏற்கக் கூடாது. வேறு எதைத் தெரிவு செய்யலாம், எப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்பதை உங்கள் பத்திரிகை மூலம் சொல்ல விரும்புகிறேன்.

பூட்டு உடைத்த மென்பொருளை நிறுவும்போது முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்வார்கள். கதவு திறப்பது அங்கேதான். 2018 முதல் உலகெங்கும் பரவிய 'ஸ்டாப்' என்ற கப்ப வைரஸ் பெரும்பாலும் இப்படியான உடைத்த மென்பொருள்களோடுதான் வீட்டுக் கணனிகளுக்குள் நுழைந்தது. அது கணனியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்புக்குக் காசு கேட்கும். பூட்டப்படுபவற்றில் வீடியோக்களும் படங்களும் அடங்கும். குடும்ப வீடியோவைத் தொகுக்கப் போய் அந்த வீடியோவையே இழப்பதை விடக் கொடுமை வேறில்லை. காசு கட்டி எடுத்தாலும் பிரீமியர் புரோ வாடகைச் சரக்கு. மாதக் கட்டணத்தை நிறுத்தினால் பழைய புரொஜெக்டைத் திறந்து ஓர் எழுத்துப் பிழையைக்கூடத் திருத்த முடியாது. வருடத்தில் இரண்டு மூன்று படம் தொகுக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது.

மென்பொருளின் பெயரை விட முக்கியமானது உங்கள் கையில் இருக்கும் கோப்பு. போன் கமரா வினாடிக்கு 30 பிரேம், அதாவது 30 தனிப்படம், என்று சொன்னாலும் சரியாக 30 எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் 24 ஆகும், கூடினால் மீண்டும் 30 ஆகும். இதை மாறும் பிரேம் வீதம் என்பார்கள். தொகுப்பு மென்பொருள்களில் பல, வீதம் மாறாது என்று நம்பிக் கணக்குப் போடுபவை. அதனால் படத்தின் தொடக்கத்தில் ஒலியும் காட்சியும் ஒட்டியிருக்கும். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் தவில்காரரின் கோல் தோலில் விழுந்த பிறகுதான் சத்தம் வரும், அல்லது கோல் விழுமுன்பே வந்துவிடும். மென்பொருள் பழுது என்று நினைத்து வேறொன்றை நிறுவுகிறார்கள், அதிலும் அதே கதை. பழுது கோப்பில் இருக்கிறது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் 'பிரேம் ரேட் மோட்' என்ற வரியில் 'வேரியபிள்' என்றிருக்கும்.

திருத்துவது கடினமல்ல. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, வீடியோப் பகுதியில் பிரேம் ரேட்டை 30 ஆக்கி, 'கான்ஸ்டன்ட்' என்பதைத் தெரிவு செய்து, தரத்தை ஆர்எஃப் 18 இல் வைத்து மாற்றி எடுக்க வேண்டும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பழைய மடிக்கணனியில் இது இரவு முழுக்க ஓடக்கூடும், யூபிஎஸ் இல்லாத வீட்டில் மின்வெட்டு வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே ஒரு மணித்தியாலக் கோப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுங்கள், பத்தையும் ஒன்றாக வரிசையில் விடாதீர்கள். ஷாட்கட் என்ற தொகுப்பு மென்பொருள் இந்த மாதிரிக் கோப்பைத் திறந்ததும் தானாகவே கண்டுபிடித்து, தொகுக்க ஏற்றதாக மாற்றவா என்று கேட்கும். அங்கே தரும் நிலைகளில் எம்பி4 ஆக மாற்றும் முதல் நிலையே வீட்டுக்குப் போதும். மற்றவை ஹார்ட் டிஸ்க்கை நிரப்பிவிடும்.

அடுத்தது எச்இவிசி. புதிய போன்கள் இடத்தை மிச்சம் பிடிக்க இந்த முறையில் பதிகின்றன. ஐபோனில் 4கே, வினாடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பி, மணித்தியாலத்துக்கு 10 ஜிபி. நான்கு பேர் ஒரு மணித்தியாலம் வீதம் எடுத்தால் 40 ஜிபி. சுருக்கிப் பதிந்ததை விரித்துக் காட்டும் வேலை கணனியின் தலையில் விழுகிறது. இன்டெல் செயலியில் 6ஆம் தலைமுறைக்கு முந்தியவற்றில் இதற்கென்ற தனி வன்பொருள் முழுமையாக இல்லை. வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதலாகப் பதியும் ஐபோனின் 10 பிட் எச்டிஆர் வீடியோவுக்கு 7ஆம் தலைமுறை வேண்டும். உங்கள் கணனி எந்தத் தலைமுறை என்பதை அதன் பெயரிலேயே வாசிக்கலாம். ஐ5-5200 என்றால் ஐந்தாம் தலைமுறை, ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை, ஐ5-1135 என்றால் பதினோராம் தலைமுறை. பழையது என்றால் தொகுக்க முடியாது என்றில்லை. ஷாட்கட்டில் செட்டிங்ஸ் மெனுவில் ப்ராக்ஸியை இயக்கினால், ஒவ்வொரு கோப்புக்கும் சிறிய நகல் ஒன்றை உருவாக்கி அதைக் கொண்டு வேலை செய்யும். முடிவில் படத்தை வெளியே எடுக்கும்போது அசல் கோப்பையே பயன்படுத்தும், தரம் குறையாது. கேடென்லைவ், டாவின்சி ரிசால்வ் என்ற தொகுப்பு மென்பொருள்களிலும் இந்த வசதி உண்டு. 'உங்கட லப்டொப் சரிவராது, புதுசு வாங்குங்கோ' என்று சொல்லுமுன் கடைக்காரர் இதைச் சொல்ல வேண்டும்.

ஐபோன் 12 இலிருந்து எச்டிஆர் தானாகவே இயங்கும் நிலையில் வருகிறது. அந்த வீடியோவைச் சாதாரணத் தொகுப்பு மென்பொருளில் போட்டால் பட்டுச் சேலையின் நிறம் வெளிறி, தோல் சாம்பல் பூசியதுபோல் தெரியும். எடுக்குமுன்பே செட்டிங்ஸில் கமரா, ரெக்கோர்ட் வீடியோ பகுதிக்குப் போய் எச்டிஆரை நிறுத்திவிடுங்கள். எடுத்தாயிற்று என்றால் ஷாட்கட்டின் அதே மாற்றும் பெட்டியில் 'பிடி.709' என்ற சாதாரண டிவி நிறமுறைக்கு மாற்றும் தெரிவு இருக்கிறது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் நம் பகுதியின் பெரும்பாலான வீடுகளுக்கு என் தெரிவு ஷாட்கட். அது இலவசம், திறந்த மூலம், கணக்குத் திறக்கச் சொல்லாது, வாட்டர்மார்க் போடாது, இணையம் இல்லாமலும் ஓடும், விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். நிறுவாமல் பென்ட்ரைவிலிருந்தே இயக்கும் வடிவமும் உண்டு. குறை என்னவென்றால் முதல் நாளில் எது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். ஒரு காட்சி கரைந்து மற்றது வர வேண்டுமானால் அதற்கென்று பொத்தான் இல்லை, ஒரு துண்டை மற்றதன் மேல் சற்று இழுத்துவிட வேண்டும். இரண்டு மாலை உட்கார்ந்தால் பழகிவிடும். மூன்று நான்கு கமரா வீடியோக்களைச் சேர்த்து வைத்து ஆள் மாறி ஆள் காட்ட வேண்டுமென்றால் கேடென்லைவ் வசதியானது, அதுவும் இலவசம். ஓபன்ஷாட் பார்வைக்கு எளிது, ஆனால் படம் நீண்டால் திணறும். பத்து நிமிடத்துக்கு மேற்பட்ட வேலைக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு உண்மையிலேயே வலிமையானது. நிறத்தைச் சீர்செய்வதில் இதற்கு ஈடான இலவசப் பொருள் இல்லை. ஆனால் 16 ஜிபி ரேமும் தனிக் கிராஃபிக்ஸ் அட்டையும் இல்லாத கணனியில் போட்டுவிட்டு அதைத் திட்டக் கூடாது. காட்சிகளை அடுக்கும் டைம்லைனில் அவற்றை இட்ட பிறகு அதன் பிரேம் வீதத்தை மாற்றவும் முடியாது, முதலிலேயே 25 ஆ 30 ஆ என்று முடிவெடுக்க வேண்டும். ஸ்டூடியோ கமராவில் எடுத்தது முதன்மை என்றால் 25, போனில் எடுத்தது மட்டும் என்றால் 30. லினக்ஸில் ஓடும் இலவசப் பதிப்பு போன் வீடியோக்களின் எச்இவிசியையும் அதற்கு முந்திய பதிவு முறையான எச்.264ஐயும் திறக்காது. காசுப் பதிப்பு 295 டொலர், ஒரு முறை கட்டினால் போதும்.

மாக் அல்லது ஐபோன் வைத்திருப்போருக்கு ஐமூவி கையோடு வருகிறது, எளிய குடும்பப் படத்துக்கு அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. விண்டோஸ் 11 உடன் வரும் கிளிப்சாம்ப் 1080 அளவில் வாட்டர்மார்க் இல்லாமல் தரும், ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். கைன்மாஸ்டர், இன்ஷாட், கேப்கட் போன்ற போன் செயலிகள் இரண்டு நிமிடத் துண்டுக்கு நல்லவை. ஒரு மணித்தியாலக் கலியாணத்துக்கு அல்ல. செயலியை அழித்தாலோ போனை மாற்றினாலோ செய்த வேலை பெரும்பாலும் அதோடு போய்விடும். விண்டோஸ் மூவி மேக்கரைத் தேடி இன்னும் அலைவோர் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் அதை 2017 ஜனவரி 10 உடன் நிறுத்திவிட்டது. இப்போது அந்தப் பெயரில் தளம் நடத்திக் காசு கேட்பவர்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் தொடர்பில்லை.

தமிழ்த் தலைப்பு விடயம் தனியாகச் சொல்லப்பட வேண்டும், ஏனென்றால் விளம்பரங்கள் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. எந்த மென்பொருளையும் தெரிவு செய்யுமுன் அதன் தலைப்புப் பெட்டியில் 'திருகோணமலை' என்று யூனிகோடில் தட்டச்சு செய்து பாருங்கள். 'கோ' வில் இரட்டைக் கொம்பு ககரத்துக்கு முன்னும் அரவு பின்னும் நிற்க வேண்டும். 'லை' யில் ஐகாரக் குறி லகரத்துக்கு முன் வர வேண்டும். குறிகள் எழுத்துக்குப் பின்னால் ஒதுங்கினாலோ, புள்ளி வட்டம் ஒன்று தோன்றினாலோ அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது என்று பொருள். பிறகு 'ஸ்ரீ' போட்டுப் பாருங்கள். அழைப்பிதழில் உள்ள பெயர்களில் அது எப்படியும் வரும். ஷாட்கட், கேடென்லைவ், ஐமூவி மூன்றும் நொட்டோ சான்ஸ் தமிழ் அல்லது விண்டோஸில் உள்ள நிர்மலா எழுத்துருவோடு சரியாகக் காட்டுகின்றன. பிரீமியரில் எழுத்து சிதைந்தால் ப்ரிஃபரன்ஸஸ் பகுதியின் கிராஃபிக்ஸில் தெற்காசிய எழுத்துப் பொறியைத் தெரிவு செய்ய வேண்டும்.

நம் ஊர் ஸ்டூடியோக்களில் இன்றும் பாமினி எழுத்துருவில் தலைப்புப் போடுவது இந்தச் சிக்கலைச் சுற்றிப் போகத்தான். பாமினியில் உள்ளே பதிவது ஆங்கில எழுத்து, மேலே தெரிவதுதான் தமிழ். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் புரொஜெக்டைத் திறந்தால் மணமகளின் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். இதற்கு எந்த மென்பொருளிலும் செல்லும் ஒரு மாற்று வழி உண்டு. பவர்பொயின்டில் தலைப்பை எழுதி, அந்த எழுத்துப் பெட்டியில் வலது கிளிக் செய்து 'சேவ் அஸ் பிக்சர்' கொடுத்துப் பிஎன்ஜி ஆகச் சேமித்தால் பின்னணி இல்லாத படமாக வரும். அதை வீடியோவுக்கு மேல் உள்ள தடத்தில் வைத்தால் எழுத்து எங்கும் சிதையாது.

ஒலி பற்றி இரண்டு வார்த்தை. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையிலும் உட்துறைமுகக் கரையிலும் எடுத்தால் காற்றின் இரைச்சல் பேச்சை விழுங்கிவிடும். 'ஹை பாஸ்' வடிகட்டியை 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை வைத்தால் இரைச்சலின் அடித்தொனி குறையும், முழுக்கப் போகாது. வெவ்வேறு போனில் எடுத்த துண்டுகளுக்கு 'நார்மலைஸ்: டூ பாஸ்' போட்டால் ஒலி ஒரே அளவுக்கு வரும். சினிமாப் பாட்டைப் பின்னணியாக வைத்தால் யூடியூப்பில் உரிமைக் கோரல் வரும், சில பாட்டுக்கு வீடியோவே முடக்கப்படும். லண்டனில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு இணைப்பை அனுப்பி அது திறக்காமல் போவது இப்படித்தான். தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்தையும், மண்டபத்தில் அம்மம்மா கூப்பிட்டுப் பேசுவதையும் அழித்துவிட்டு மேலே பாட்டை ஏற்றுவதை நான் முற்றாக எதிர்க்கிறேன். பாட்டு எப்போதும் கிடைக்கும். அந்தக் குரல் அந்தக் கோப்பில் மட்டுமே இருக்கிறது.

மண்டபத்து விளக்கில் எடுத்த வீடியோவில் கோடு கோடாக ஒளி ஓடினால் அதுவும் மென்பொருளின் பிழையல்ல. இலங்கையில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் வினாடிக்கு 100 தடவை மினுங்குகின்றன. கமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/50 அல்லது 1/100 வினாடியாக இருந்தால் தெரியாது, 1/60 இல் தெரியும். போனில் 'அன்டி ஃப்லிக்கர்' 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என எடுக்குமுன் பாருங்கள். ஐபோனில் 'பால்' (PAL, நம் நாட்டு டிவி முறை) வடிவங்களைக் காட்டச் சொல்லி 25 பிரேமில் எடுக்கலாம். எடுத்த பின் திருத்தும் கருவி ரிசால்வில் காசுப் பதிப்புக்கு மட்டும்தான் இருக்கிறது.

பழைய ஒளிநாடாக்களும் இறுவட்டுகளும் வைத்திருப்போர் தயவுசெய்து தள்ளிப்போட வேண்டாம். நம் கடற்கரை ஈரத்தில் நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். அது தெரிந்தால் நாடாவை ஓடவிடாதீர்கள், நாடாவை ஓட்டும் டெக்கின் ஹெட்டில் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் பரவும். முதலில் துப்புரவாக்க வேண்டும். இங்கே பதிந்த நாடாக்கள் பால் முறை, 720 க்கு 576 புள்ளி, வினாடிக்கு 25 பிரேம். கனடாவிலிருந்து வந்தவை என்டிஎஸ்சி முறை, 720 க்கு 480, ஏறத்தாழ 30 பிரேம். பால் மட்டும் ஓட்டும் டெக்கில் அவற்றைப் போட்டால் படம் உருளும் அல்லது கறுப்பு வெள்ளையாகும். நாடா பழுதில்லை, இரண்டு முறையும் ஓட்டும் டெக் வேண்டும். சிறிய டிஜிட்டல் நாடாவான மினிடிவி என்றால், கமராவைக் கணனியோடு இணைக்கும் ஃபயர்வயர் கம்பி வழியாக எடுத்தால் அசல் தரம் அப்படியே வரும், மணித்தியாலத்துக்கு 13 ஜிபி.

ஸ்டூடியோ தந்த இறுவட்டில் ஒவ்வொன்றும் 1 ஜிபி வரையான விஓபி கோப்புகள் இருக்கும். தனித்தனியாகத் தொகுப்பில் இழுத்துப் போட்டால் இணைப்பில் ஒலி வெட்டுப்படும். மேக்எம்கேவி என்ற மென்பொருளைக் கொண்டு முதலில் ஒரே கோப்பாக எடுத்துவிடுங்கள். பிறகு கவனிக்க வேண்டியது, அசையும் கை முகங்களின் ஓரத்தில் சீப்புப் பல் போலத் தெரியும் கோடுகள். இவை ஒரு பிரேமை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாகப் பதியும் இன்டர்லேஸ் முறையால் வருபவை. ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் பகுதியில் யாடிஃப் அல்லது பிடபிள்யூடிஃப் தெரிவு செய்து, 'பொப்' முறையில் விட்டால் வினாடிக்கு 50 பிரேமாக, அசைவு வழுவழுப்பாக வரும். இங்கே பிரேம் ரேட்டை மூலத்தைப் போலவே விடுங்கள். இந்த வேலையை அளவைப் பெரிதாக்குமுன் செய்தாக வேண்டும். 1080 ஆகப் பெரிதாக்கிய பிறகு அந்தக் கோடுகள் படத்தோடு உறைந்துவிடும், எந்த வடிகட்டியும் பிரிக்காது. 'எச்டி ஆக்கித் தருகிறோம்' என்று காசு வாங்கித் தரப்படும் பல பிரதிகள் இப்படித்தான் கெட்டுப்போகின்றன.

வெளியே எடுக்கும்போது எச்.264, எம்பி4, ஒலி ஏஏசி என்று கொடுத்தால் வீட்டு டிவிகள் பெரும்பாலும் ஓட்டும். 1080 அளவுக்கு 8 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 8 மெகாபிட்) போதும். ஒரு மணித்தியாலம் 3.7 ஜிபிக்குள் அடங்கும். இந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. எஃப்ஏடி32 என்ற முறையில் ஃபோர்மட் செய்த பென்ட்ரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட்டாக மாற்றினால் பழைய டிவிகள் சில அதை வாசிக்காது. படம் நீண்டால் இரண்டு பாகமாக எடுங்கள்.

புரொஜெக்ட் கோப்புக்குள் வீடியோ இருக்காது, வீடியோ எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே இருக்கும். பென்ட்ரைவில் உள்ள காட்சிகளை நேரே இழுத்துத் தொகுத்துவிட்டு அதைக் கழற்றினால் அடுத்த நாள் எல்லாம் காணாமல் போனதாகக் காட்டும். எல்லாக் காட்சிகளையும் முதலில் ஒரே கோப்புறையில் இட்டு, புரொஜெக்டையும் அதற்குள்ளேயே சேமித்தால் ஷாட்கட் அந்தக் கோப்புறையை எந்தக் கணனிக்குக் கொண்டுபோனாலும் திறக்கும். சொந்தக்காரரிடம் வீடியோ கேட்கும்போது வட்ஸ்அப்பில் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். 2 ஜிபி வரை சுருங்காமல் வரும். சாதாரணமாக வீடியோவாக அனுப்பினால் தரம் அங்கேயே போய்விடும், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

ஆக, எந்த மென்பொருளையும் வாங்குமுன் உங்கள் சொந்தப் போனில் எடுத்த, குறைந்தது பத்து நிமிடமுள்ள ஒரு கோப்பை அதில் போடுங்கள். 'திருகோணமலை' என்று தலைப்பிட்டு, வெளியே எடுத்து, பென்ட்ரைவில் ஏற்றி வீட்டு டிவியில் ஓட்டி, கடைசி நிமிடத்தில் வாயசைவும் பேச்சும் சேர்கிறதா என்று பாருங்கள். ஃபில்மோரா போன்ற காசு மென்பொருள்களும் சோதனைப் பிரதியில் வாட்டர்மார்க்கோடு இவ்வளவையும் செய்யவிடும்.

இறுதியாக, மாவட்டத்தின் ஸ்டூடியோக்களுக்கும் விழா வீட்டுக்காரருக்கும் ஒரு வேண்டுகோள். தொகுத்த படத்தை மட்டும் கொடுத்துவிட்டு அசல் கோப்புகளைச் சில மாதங்களில் அழித்துவிடும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டும். முற்பணம் கொடுக்கும்போதே, கமராவில் பதிந்த கோப்புகள் முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் தர வேண்டும், தலைப்புகள் யூனிகோடில் இருக்க வேண்டும், இறுவட்டுக்குப் பதிலாக எம்பி4 வேண்டும் என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கை நீங்களே வாங்கிக் கொடுங்கள். கிடைத்த அன்றே இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதை வேறொரு வீட்டில் வையுங்கள்.

இப்படிக்கு,
வீடியோத் தொகுப்புப் பயிற்றுநர்,
உப்புவெளி, திருகோணமலை.